கணக்கு டீச்சர் பதில்கள்: கடனைக் கழித்தால் கூடுமா, குறையுமா?

இந்த முறை வந்த கடிதங்களை மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்துப் பிரித்தேன். பாதிக்கு மேல் மைனஸ். வட்டி, பின்னம், சதவீதம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுங்கள். இந்த இதழ் அந்தச் சின்னக் கோட்டுக்கு.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். −3 − 5 எவ்வளவு என்றால் 8 என்கிறாள். "மைனஸும் மைனஸும் பிளஸ்தானேம்மா" என்று சாதிக்கிறாள். நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை.
— ஒரு தாய், வில்லியனூர்

மளிகைக் கடை வைத்திருக்கிற உங்களுக்கா சொல்லத் தெரியாது? கல்லாவுக்குப் பக்கத்தில் பாக்கி நோட்டு ஒன்று இருக்குமே, அதை எடுத்து மகள் முன்னால் பிரியுங்கள். திங்கட்கிழமை ஒருவர் பெயரில் 3 ரூபாய் பாக்கி. செவ்வாய்க்கிழமை அவரே வந்து 5 ரூபாய்க்குச் சீயக்காய் வாங்கிக்கொண்டு, "எழுதிக்கோங்கம்மா" என்று போகிறார். இப்போது பாக்கி 8 ரூபாய். அதாவது −8. உங்கள் மகள் கணக்குப்படி பார்த்தால் இரண்டு நாள் கடன் வாங்கிய அந்த மனிதருக்கு நீங்கள்தான் 8 ரூபாய் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு கடை எங்காவது நடந்தால் எனக்கும் எழுதுங்கள், பையோடு வருகிறேன்.

தப்பு குழந்தை மேல் இல்லை. அந்த வாசகத்தின் மேல். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்பது பெருக்கலுக்குச் சொன்ன விதி. (−3) × (−5) = 15; அங்கே அது நூற்றுக்கு நூறு சரி. பாட்டு மாதிரி இருப்பதால் நாக்கில் ஒட்டிக்கொண்டு கூட்டல், கழித்தல் பக்கமும் வந்துவிடுகிறது. −3 − 5 என்பதில் இரண்டு கோடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றையொன்று தொடவே இல்லை.

எனக்குத் தெரிந்தவரை சிக்கலின் வேர் இதுதான்: ஒரே கோடு இரண்டு வேலை பார்க்கிறது. சில இடத்தில் அது ஒரு செயல், "கழி" என்று அர்த்தம். சில இடத்தில் அது எண்ணின் ஜாதகம், "இது பாக்கி" என்று அர்த்தம். பள்ளிப் புத்தகம் இந்தப் பாக்கி வகையைக் குறை எண் என்று சொல்லும். ஒரு வாரம் மட்டும் உங்கள் மகளை "மைனஸ்" என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். செயலாக வந்தால் "கழி", எண்ணோடு ஒட்டி வந்தால் "பாக்கி". −4 + 9 என்பதை "நாலு பாக்கி, ஒன்பது வந்தது" என்று வாசித்தால் நாலைத் தீர்த்து 5 கையில் நிற்பது தானாகத் தெரியும். −9 + 4 என்றால் "ஒன்பது பாக்கி, நாலு கட்டினார்." இன்னும் 5 பாக்கி, −5. இந்தக் கணக்கில்தான் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் −13 என்று எழுதுவார்கள். 4 ரூபாய் கட்டிய பிறகு பாக்கி ஏறுமா என்று கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு அழிப்பார்கள்.

வீட்டில் சயன்டிபிக் கால்குலேட்டர் இருந்தால் மகளிடம் காட்டுங்கள். கழிப்பதற்கு ஒரு பொத்தான், குறை எண் போடுவதற்கு அடைப்புக்குறிக்குள் கோடு போட்ட இன்னொரு பொத்தான். செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

5 − (−3) = 8 என்று என் பையன் புத்தகத்தில் இருக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்வது போல என்று விளக்கமும் சொன்னார்கள். சரி, ஆனால் 5 ரூபாய் வைத்திருக்கிறவனிடம் கடனே இல்லையே? இல்லாத கடனை எப்படிக் கழிப்பது?
— டீக்கடை மாஸ்டர், பண்ருட்டி

ஐயா, வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையதுதான். வகுப்பில் இதைக் கேட்ட பிள்ளையை "சும்மா எழுது" என்று உட்கார வைத்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் தமிழைப் பாருங்கள். கடனைக் கழிப்பது நமக்குப் புதிதே இல்லை. திருவந்திபுரத்துக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தவர்கள் "நேர்த்திக்கடன் கழிச்சாச்சு" என்பார்கள். மனசில் ஒரு பாரம் இறங்கியிருக்கும். காலையில் எழுந்ததும் எல்லோரும் கழிக்கும் கடன் ஒன்று இருக்கிறது, அது கழியாவிட்டால் படும் பாடும் தெரியும். கடன் கழிந்தால் ஆள் லேசாகிறான் என்பது மொழியிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் தேய்ப்போமே, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. அப்படிப் பத்துப் பதினைந்து கொட்டையைத் தேய்த்து வையுங்கள். (சூடு ஆறும் முன்னால் பக்கத்தில் இருப்பவர் கையில் வைக்கக் கூடாது.) வெள்ளை மேலே இருந்தால் 1 ரூபாய் இருப்பு. கறுப்பு மேலே இருந்தால் 1 ரூபாய் கடன். ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூஜ்யம். அந்த ஜோடியை மேசையில் வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றும் மாறாது.

மேசையில் 5 வெள்ளை. இதிலிருந்து 3 கறுப்பை எடுக்க வேண்டும். இல்லையே என்கிறீர்கள். சரி, 3 ஜோடியை உள்ளே தள்ளுங்கள்: 3 வெள்ளை, 3 கறுப்பு. மதிப்பு இன்னும் 5 தான், ஏனென்றால் உள்ளே தள்ளியது மூன்று பூஜ்யம். ஆனால் இப்போது மேசையில் 8 வெள்ளையும் 3 கறுப்பும் இருக்கின்றன. கேட்ட 3 கறுப்பையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் 8 வெள்ளை.

உங்கள் கடையிலேயே இது நடக்கிறது. கல்லாவில் 8,000 இருந்து பால்காரருக்கு 3,000 தர வேண்டியிருந்தால் உங்கள் உண்மையான இருப்பு 5,000. கல்லாவில் 5,000 இருந்து கடனே இல்லாதவரும் அதே 5,000 ஆள்தான். "5" என்ற எண்ணுக்குள் இப்படி எத்தனையோ பேர் ஒளிந்திருக்கிறார்கள். பால்காரர் மனம் இரங்கி "அந்த மூவாயிரம் வேண்டாம்" என்றால் முதல் ஆளிடம் 8,000 நிற்கும். பால்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கொட்டை முறை நான் கண்டுபிடித்தது என்று பெருமை பேச வழியில்லை. சீனர்கள் குச்சியை வைத்து இதையே செய்தார்கள். அவர்களின் பழைய கணக்கு நூலுக்கு 263-ஆம் ஆண்டில் உரை எழுதிய லியூ ஹுய், சிவப்புக் குச்சி மிகை எண்ணுக்கு (நம் கணக்கில் இருப்பு), கறுப்புக் குச்சி குறை எண்ணுக்கு என்று சொல்கிறார். இன்று கடனைச் சிவப்பில் எழுதுகிறோமே, அதற்கு நேர் தலைகீழ்.

−10, −2 இரண்டில் எது பெரியது?
— ஆறாம் வகுப்பு மாணவர், வடலூர்

−2. பத்து லட்சம் கடன் இருப்பவரைவிட இரண்டு லட்சம் கடன் இருப்பவர் நன்றாகத் தூங்குவார். அவ்வளவுதான் தம்பி.

என் மகன் பிரான்சில் இருக்கிறான். "நேற்று மைனஸ் 4, இன்று 3 டிகிரி, ஒரே நாளில் 7 டிகிரி ஏறிவிட்டது" என்று போனில் சொன்னான். நாலுக்கும் மூணுக்கும் ஒன்றுதானே வித்தியாசம்? குளிரில் உளறுகிறானோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு பாட்டி, முத்தியால்பேட்டை

பயப்படாதீர்கள் அம்மா, பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறார். தண்ணீர் உறையும் புள்ளிதான் பூஜ்யம். நேற்று அதற்குக் கீழே 4 படி. அங்கிருந்து பூஜ்யத்துக்கு ஏற 4, அதற்கு மேலே ஏற 3. ஆக 7. எழுதிக் காட்டினால் இன்றையதிலிருந்து நேற்றையதைக் கழிக்க வேண்டும்: 3 − (−4) = 7. மேலே டீக்கடைக்காரருக்குச் சொன்ன அதே கணக்கு, இங்கே கடனுக்குப் பதில் படி.

அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போனால் லிஃப்டைப் பாருங்கள். தரைத்தளத்துக்கு 0, அதற்குக் கீழே வண்டி நிறுத்தும் தளங்களுக்கு −1, −2 என்று பல கட்டடங்களில் போட்டிருப்பார்கள். −2-இல் வண்டியை விட்டுவிட்டு 5-க்குப் போனால் ஏறுவது 7 மாடி. அந்த லிஃப்ட் பொத்தான் வரிசையைவிட நல்ல எண்கோடு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஒரு உபரித் தகவல். ஸ்வீடன்காரர் செல்சியஸ் 1742-இல் தன் அளவைச் சொன்னபோது தண்ணீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும் வைத்திருந்தார்! பிற்பாடுதான் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அவர் வைத்தபடியே விட்டிருந்தால் உங்கள் மகன் "நேற்று 104, இன்று 97" என்றிருப்பார். மைனஸே வந்திருக்காது; ஆனால் 104 டிகிரி என்றதும் நீங்கள் இன்னும் பயந்திருப்பீர்கள்.

நீட் எழுதினேன். முதலில் வந்த விடைக்குறிப்பின்படி ஒரு கேள்விக்கு என் விடை தப்பு. இறுதி விடைக்குறிப்பில் அது சரி என்று ஆகிவிட்டது. 4 மார்க் கூடும் என்று நினைத்தேன், 5 கூடியிருக்கிறது. எப்படி?
— மாணவி, சிதம்பரம்

கிடைத்ததை வைத்துக்கொள் பாப்பா, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. சரியான விடைக்கு +4, தப்பான விடைக்கு −1, தொடாமல் விட்டால் 0. உன் கணக்கில் அந்தக் கேள்வி முதலில் −1 ஆக உட்கார்ந்திருந்தது. அந்த −1-ஐ எடுத்தார்கள், அதனால் 1 ஏறியது. பிறகு +4 போட்டார்கள். 4 − (−1) = 5. அந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டு, பிறகு எல்லோருக்கும் மார்க் கொடுத்திருந்தால் அப்போது உனக்கு 4 தான் ஏறியிருக்கும்.

இதைப் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஒன்று: நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4 − 3 = 1. நஷ்டம் இல்லை, ஆனால் லாபம் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றாவது நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் மூன்று கேள்விக்கு 4 − 2 = 2. அப்போது குறிக்கலாம்.

அரிக்கமேடு பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுதுகிறேன். கி.மு. 50-லிருந்து கி.பி. 50 வரை 100 வருஷம் என்று எழுதினேன். வரலாற்று ஆசிரியர் 99 என்று திருத்திவிட்டார். 50 − (−50) = 100 தானே?
— பதினொன்றாம் வகுப்பு மாணவர், அரியாங்குப்பம்

உன் கழித்தலில் தப்பில்லை தம்பி. நாட்காட்டியில்தான் தப்பு. கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1 தொடங்கிவிடுகிறது. நடுவில் பூஜ்யம் என்று ஒரு வருஷம் கிடையாது. லிஃப்டில் −1-க்கு அடுத்த பொத்தான் 1 என்று இருந்தால் எப்படியிருக்கும்? ஒரு மாடியை யாரோ தின்றுவிட்டார்கள். அதனால் கி.மு.வைத் தாண்டி கி.பி.க்கு வரும்போதெல்லாம் ஒன்று குறைக்க வேண்டும். ஆசிரியர் திருத்தியது சரி.

அரிக்கமேடு என்பதால் அங்கிருந்தே ஒரு கணக்கு. தொல்லியல்காரர் வீலர் 1945-இல் வந்து தோண்டுவதற்கு முன்பே, 1937-இல் பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராய்க்கு அங்கே தலை செதுக்கிய ஒரு சின்னக் கல் கிடைத்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் அடையாளம் சொன்னார். அந்த அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பரில், இறந்தது கி.பி. 14 ஆகஸ்டில். 14 − (−63) = 77. இல்லாத பூஜ்ய வருஷத்துக்காக ஒன்று கழித்தால் 76. செப்டம்பர் வருவதற்குள் இறந்துவிட்டதால் அந்தப் பிறந்தநாள் வரவில்லை, எனவே முடிந்த வயது 75. உன் கட்டுரையில் போட்டுக்கொள்.

வானியல்காரர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கி.மு. 1-ஐ 0 என்று வைத்துக்கொள்கிறார்கள். கி.மு. 63 அவர்களுக்கு −62. அப்போது 14 − (−62) = 76 என்று நேராக வந்துவிடும்.

குறை எண்ணைக் கண்டுபிடித்தவர் யார்? அவரைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.
— எட்டாம் வகுப்பு மாணவி, நெல்லிக்குப்பம்

கேட்க முடியாது பாப்பா, 1,400 வருஷம் பிந்திவிட்டாய். சீனாவின் குச்சிகளைப் பற்றி மேலே சொன்னேன். நம் நாட்டில் 628-இல் பிரம்மகுப்தர் இதற்குச் சட்டமே எழுதிவிட்டார். இருப்புக்கு அவர் வைத்த பெயர் தனம், கடனுக்கு ருணம். "ருண விமோசனம்" என்று கோயிலில் வேண்டிக்கொள்கிறார்களே, அதே ருணம்தான். சூனியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறார்: 0 − (−3) = 3.

இன்னொரு வேடிக்கை. பெஷாவர் பக்கம் பக்ஷாலி என்ற ஊரில் 1881-இல் மண்ணுக்குள்ளிருந்து பழைய கணக்குச் சுவடி ஒன்று கிடைத்தது. அதில் குறை எண்ணைக் காட்ட எண்ணுக்குப் பின்னால் போட்டிருக்கும் குறி என்ன தெரியுமா? நாம் இன்று போடும் கூட்டல் குறி மாதிரியே ஒரு சிலுவை. கூட்டல், கழித்தல் குறிகள் இன்றைய வடிவில் அச்சில் ஏறியது 1489-இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில், விட்மன் என்பவர் புத்தகத்தில். அதனால் குறி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதில் எந்தத் தெய்வாம்சமும் இல்லை.

உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். மசேர்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1758-இல், குறை எண்களே தேவையில்லை, அவற்றைத் தூக்கி எறியலாம் என்கிற அளவுக்கு ஒரு புத்தகமே எழுதினார். படித்த மனிதர், வக்கீல், கணக்கில் கெட்டிக்காரர். நீ அவர் கட்சி என்றால் அது ஒன்றும் சின்னக் கட்சி இல்லை. ஆனாலும் பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போ.

டீச்சர், மாணவர் யாராவது உங்களை மடக்கியதுண்டா?
— ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

உங்கள் ஊர்ப் பையன்தான் மடக்கினான்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். வில்லியனூர் அம்மாவின் மகள் சொல்கிறாளே, அதே பாட்டை நானும் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வகுப்பையே கோரஸாகச் சொல்ல வைத்தேன். "மைனஸும் மைனஸும் பிளஸ்." கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அவன் அப்பா துறைமுகத்தில் விசைப்படகு வேலைக்குப் போகிறவர். "டீச்சர், எங்கப்பா ஐஸ் கடையிலயும் கடன், டீசலுக்கும் கடன். ரெண்டும் சேந்தா நாங்க பணக்காரங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு வயது 24. அவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து வெளியே நிற்க வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது, அவன் கேட்டது கிண்டலே இல்லை என்று. மறுநாள் அந்தப் பாட்டை அழித்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் டீச்சர்கள் கேட்க மாட்டார்கள்.

இப்போது அவனுக்கு மீன் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை சங்கரா வாங்கப் போனேன். சில்லறை இல்லை, 40 ரூபாய் அவனிடம் நின்றுவிட்டது. "எழுதி வச்சுக்கிறேன் டீச்சர், மைனஸ் நாப்பது" என்றான். "எனக்கு எதுக்குடா மைனஸ்? எனக்குப் பிளஸ்" என்றேன். "இது என் நோட்டு டீச்சர். உங்க நோட்டுல நீங்க பிளஸ் போட்டுக்குங்க" என்றான். அவன் சொன்னது சரிதான். ஒருவர் தர வேண்டியது இன்னொருவருக்கு வர வேண்டியது. எண் ஒன்றே, குறி மட்டும் நோட்டுக்கு நோட்டு மாறும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 260 ரூபாய்க்கு மீன் வாங்கினேன், 220 கொடுத்தேன்.